வெளியே தெரியாத காது மெஷின்

என் காதுக்கு எந்த மெஷின் வாங்குவது என்று முடிவான அன்று அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். காது கேட்காதவள் நான் ஒருத்திதான். முடிவு செய்தவர்கள் நன்றாகக் காது கேட்கிறவர்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் எடுக்கிறேன். காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் போனது பிள்ளைகளின் குரல். மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம், பிறகு தெரிந்துகொண்டேன். கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து விடை சொல்வாள். வாய் அசைவது தெரியும். "சரி, உட்காரு" என்பேன். விடை தப்பு என்பது மற்ற பிள்ளைகள் சிரிக்கும்போதுதான் எனக்குத் தெரியும். வீட்டில் கடுகு வெடிப்பது கேட்காமல் போயிற்று. கருகின வாசனை வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பேன். என் கணவரின் குரல் மட்டும் நெடுநாள் கேட்டது. அவர் துவாக்குடியில் ஒரு இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் முதலில் எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். பிறகு கத்திச் சொன்னார்கள். பிறகு "ஒண்ணுமில்ல, விடு" என்றார்கள். காது மந்தமானவர்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் கேட்காத எனக்கு இது மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டுவிடும்.

என் மகள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு அவள் ஒருத்திதான். துவாக்குடிப் பக்கம் ஒரு பெரிய பொறியியல் கல்லூரியில் பிஎச்.டி. சேர்ந்திருந்தாள். சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றிய ஆராய்ச்சி. ஹாஸ்டலில் இருந்துகொண்டு சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். வந்ததும் சமையலறையில் எனக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு லேபில் நடந்ததையெல்லாம் நிதானமாகச் சொல்வாள். பாதி எனக்குப் புரியாது. காதால் அல்ல, விஷயமே புரியாது. ஆனாலும் அந்த ஒரு நாளில்தான் யாரோ என்னோடு பேசினார்கள் என்ற நினைப்பு எனக்கு இருக்கும். நான் பி.எஸ்சி. முடித்ததும் மேலே படிக்கவிடாமல் கல்யாணம் செய்துவைத்தார்கள். இவள் அப்படி ஆகக்கூடாது என்று சம்பளக்காரியான நாளிலிருந்தே மனசில் வைத்திருந்தேன்.

வரனைக் கொண்டுவந்தது என் கணவரின் அக்கா. மண்ணச்சநல்லூரில் அவர்களுக்கு அரிசி ஆலை இருக்கிறது. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை முசிறியில் ஒரு வங்கியில் ஆபீசர். வாழைத் தோட்டம், சொந்த வீடு, மரியாதையான குடும்பம். பெண் படிப்பை முடிக்கட்டும், வார நாளில் ஹாஸ்டலில் இருந்துவிட்டு சனி, ஞாயிறு முசிறிக்கு வரட்டும் என்று அவர்களே சொன்னதாக அண்ணி சொன்னார். மகள் மாப்பிள்ளையோடு போனில் பேசிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்புறம்தான் அண்ணி என் காதைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"அவங்ககிட்ட இந்தக் காது விஷயத்த நான் சொல்லல" என்றார். என்னிடம் அல்ல, என் கணவரிடம். "சொன்னா பரம்பரையா வரும்னு பயப்படுவாங்க. நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வந்துடுமோன்னு யோசிப்பாங்க. கெடைச்ச எடம் போயிடும்."

"அப்போ நான் அவங்ககிட்ட எப்படி அண்ணி பேசறது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இப்பல்லாம் காதுக்குள்ளயே போட்டுக்கற மெஷின் வந்திருக்காமே. வெளிய தெரியாதாம். அத வாங்கிக்கோ."

தில்லைநகரில் ஒரு காது கிளினிக்குக்குப் போனோம். என்னோடு என் கணவர், அண்ணி. அங்கே செவித்திறன் பார்க்கிற ஒரு இளம்பெண் இருந்தாள். என்னைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். 'டொய்ங்' என்று கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பல சமயம் கேட்டதா, கேட்டதாக நான் நினைத்துக்கொண்டேனா என்று தெரியாமல் அழுத்தினேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். 'கடல்' என்றதை 'படல்' என்றேன். 'தட்டு' என்றதை 'கட்டு' என்றேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவள் நான். அவள் குறித்த தாளைப் பார்த்ததும் எத்தனை தப்பு என்று எனக்கே தெரிந்தது.

வெளியே வந்ததும் அவள் மேசைமேல் மூன்று விதமான மெஷினை எடுத்து வைத்தாள். ஒன்று சுண்டுவிரல் நுனி அளவு. காதுக்குள்ளேயே போய் மறைந்துவிடும், இழுத்தெடுக்க மட்டும் மீன் முள் மாதிரி ஒரு சின்ன நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று காதுக்குப் பின்னால் உட்காரும், அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று காதுக்குள் போகும். மூன்றாவது அதைவிடத் தடிமன். அதற்குக் காதின் அச்சை எடுத்து அதே அளவில் ஒரு அடைப்பான் செய்து மாட்டுவார்கள்.

அந்தத் தடிமனானதைத்தான் முதலில் என் காதில் மாட்டினாள். மின்விசிறி ஓடுவது கேட்டது. அவள் பேனாவை மேசையில் வைத்தது கேட்டது. என் கணவர் நாற்காலியை நகர்த்தியபோது திடுக்கிட்டேன். எல்லாவற்றையும்விட, வார்த்தைகளின் முனை கேட்டது. அதுவரை எல்லோரும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி எனக்கு இருந்திருக்கிறது. அது எடுத்தாற்போல ஆனது.

"அம்மா, எது உங்களுக்குச் சரியா இருந்துச்சு?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுதாம்மா."

"இது வேண்டாங்க" என்றார் என் கணவர். "உள்ள போடற அந்தச் சின்னதக் காட்டுங்க."

"சார், அது லேசாக் கேட்காதவங்களுக்குத்தான் சரியா வரும். இவங்களுக்குக் குறை அதிகம். அவ்வளவு சத்தம் அந்தச் சின்னதால குடுக்க முடியாது. ஏத்தி வச்சா விசில் அடிக்கும். கூட்டத்துல சுத்தமா உதவாது. இவங்களுக்கு ரெண்டு காதுலயும் வெளிய போடறதுதான் நல்லது."

"கல்யாண வீட்டுல இத மாட்டிக்கிட்டு நின்னா ஊரே பார்க்கும்" என்றார் அண்ணி. "தலையப் பின்னிப் பூ வச்சா இது ரெண்டும் துருத்திக்கிட்டுத் தெரியும்."

"எனக்கு இதுலதாங்க கேட்குது" என்று நான் இன்னொரு தரம் சொன்னேன். கிளினிக் பெண் மட்டும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் முடியட்டும்" என்றார் என் கணவர். "அதுக்கப்புறம் உனக்கு எது பிடிக்குதோ வாங்கிக்கோ. இப்போ உன் பொண்ணுக்காகத்தானே செய்யறோம்."

பெண்ணுக்காக என்று சொல்லிவிட்டால் எனக்குப் பேச்சு வராது. அது அவருக்குத் தெரியும். சின்னதை, அதுவும் ஒரு காதுக்கு மட்டும் வாங்கினோம்.

அதோடு நான் இருந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வெறுப்பாக இருக்கிறது. யாருமில்லாத அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் ஏதோ கொஞ்சம் உதவும். சாப்பிடும்போது தாடை அசைந்தால் கீச்சென்று கத்தும். முடியை ஒதுக்கக் கையைக் காதருகே கொண்டுபோனால் விசில். வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது கத்த, பிள்ளைகள் ஒருத்தி பையை ஒருத்தி பார்த்தார்கள். யாரோ போன் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டேன். குறைத்து வைத்தால் காதை வெறுமனே அடைத்து வைத்த மாதிரிதான். காதில் மெஷின் இருப்பது வெளியே தெரியவில்லை என்பது உண்மை. உள்ளேயும் தெரியவில்லை.

நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. நாதஸ்வரம், தவில், குழந்தைகளின் ஓட்டம், ஸ்டீல் பாத்திரங்கள் மோதுகிற சத்தம். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் பூ வைக்க வந்தார். நல்ல உயரம், சிரித்த முகம். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பூவைச் செருகினார். கை காதை உரசியது. மெஷின் நீளமாக விசிலடித்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஏதோ கேட்டார். எனக்குப் பின்னாலிருந்த அண்ணி குனிந்து, "போன்தாங்க சம்பந்தி, பையில கெடக்கு, அடிச்சுக்கிட்டே இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இதை அண்ணியே பிறகு பெருமையாகச் சொன்னதால் எனக்குத் தெரியும்.

அடுத்த நிமிஷம் அண்ணி என் முழங்கையைப் பிடித்து மணப்பெண் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு என் முகத்துக்கு நேரே பேசினார். அவர் கோபமாகப் பேசும்போது உதடு நன்றாகப் படிக்க வரும்.

"கழட்டு அத. மானத்த வாங்கிடுவ போலிருக்கு."

"கழட்டினா எனக்கு ஒண்ணும் கேட்காது அண்ணி."

"கேட்டு என்ன பண்ணப் போற? சிரிச்ச முகமா உட்காரு. பேச வேண்டியத நாங்க பேசிக்கிறோம்."

கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

தட்டு மாற்றி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தியம்மா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அல்ல, பக்கத்தில். வெற்றிலை போட்டிருந்தார். வாயை அதிகம் திறக்காமல், என் தோளில் கைபோட்டு, ரகசியம் பேசுகிற மாதிரி காதோரம் பேசினார். அண்ணி பந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இல்லை. நான் முகத்தைத் திருப்பி அவர் வாயைப் பார்க்க முயன்றேன். 'கல்யாணத்துக்கு அப்புறம்' என்பது கிடைத்தது. 'படிப்பு' என்பது கிடைத்தது. கடைசியில் 'போகும்' என்று முடித்தார். கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் படிப்பு அது பாட்டுக்குப் போகும். அப்படித்தான் கோத்துக்கொண்டேன். காது மந்தமானவர்கள் பேச்சைக் கேட்பதில்லை, கிடைத்த துண்டுகளை வைத்துக் கோத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் சரியாகவே வரும். அதனால்தான் தைரியமாகச் செய்கிறோம்.

"ரொம்பச் சந்தோஷம் சம்பந்தி" என்றேன். "எங்க ஆசையும் அதுதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அன்று வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "உன் மாமியார் தங்கமானவங்க. படிப்பப் பத்தி அவங்களாவே வந்து சொன்னாங்க" என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். விருந்து, மறுவீடு என்று கொஞ்ச நாள் போயிற்று. அவள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. கேட்டால் 'போகணும்மா' என்று மட்டும் போனில் செய்தி அனுப்புவாள். பிறகு ஒருநாள் மத்தியானம், முசிறியிலிருந்து தனியாக வந்தாள். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, நிச்சயதார்த்தத்துல முசிறி அத்தை உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"கேட்கலையே. கல்யாணத்துக்கு அப்புறமும் உன் படிப்பு அது பாட்டுக்குப் போகும்னு சொன்னாங்க."

"போகும்னு சொல்லலம்மா. போதும்." என் முகத்தைப் பார்த்து நிறுத்திச் சொன்னாள். "கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு போதும், வீட்டோட இருக்கட்டும், உங்களுக்குச் சம்மதந்தானேன்னு கேட்டிருக்காங்க. நீ ரொம்பச் சந்தோஷம், எங்க ஆசையும் அதுதான்னு சொல்லியிருக்க."

அந்த மண்டபத்தில் அவர் என் கையை மடியில் வைத்துக்கொண்டது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

"மெஷின் போட்டிருந்தியா?"

"மண்ணச்சநல்லூர் அத்தை கழட்டச் சொல்லிட்டாங்க."

அவள் பையைத் தரையில் வைத்தாள். "இப்ப அங்க நான்தான் அடம்பிடிக்கிறவ. உங்க அம்மாவே சந்தோஷமாச் சம்மதிச்சாங்க, உனக்கு மட்டும் என்னன்னு கேட்கறாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. உன் காதப் பத்திச் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு."

அவள் போன பிறகு சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். முசிறிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு கேட்டார்.

"இப்பப் போய்ச் சொன்னா மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டோம்னு ஆகும்" என்றார்.

"மறைச்சுத்தானே பண்ணியிருக்கோம்."

"அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது? அவங்க பேச்சுல வந்த சம்பந்தம். படிப்பு எங்க போயிடப் போகுது, ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடப் பண்ணிக்கலாம். நீயா எதையாவது கெடுத்து வைக்காத."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னை அடித்ததில்லை, திட்டியதுகூடக் கிடையாது. ஆனால் என் காதும் என் மகளின் படிப்பும் அவருடைய அக்காவின் முகத்தைவிடச் சின்ன விஷயமாக அவருக்கு இருந்தன. இருபத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கேட்கும் என்று தோன்றவில்லை.

மறுநாள் தில்லைநகருக்குத் தனியாகப் போனேன். கிளினிக் பெண்ணுக்கு என்னை ஞாபகமிருந்தது. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள், வேறு யாராவது வருகிறார்களா என்று.

"நான் மட்டுந்தாம்மா" என்றேன்.

இந்த முறை அவள் என்னிடமே எல்லாம் சொன்னாள். ஒயர் வைத்தது பார்க்கக் கொஞ்சம் லேசாக இருக்கும், இப்போதைக்கு ஒப்பேற்றலாம். ஆனால் காது இன்னும் குறைந்தால் அது பத்தாது. தடிமனானதில் சத்தம் ஏற்ற இடம் நிறைய இருக்கிறது. அதில் ரெண்டு மைக் உண்டு, கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேச்சைக் கொஞ்சம் பிரித்துத் தரும். எதிலும் முழுசாகப் பழைய காது திரும்பாது. பழகவே சில மாதம் ஆகும்.

"கூட்டத்துல ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பேசினா எதுல கேட்கும்?" என்று கேட்டேன்.

"தடிமனானதுலதாம்மா. அதுவும் ரெண்டு காதுலயும் போட்டாத்தான்."

"அதுவே குடுங்க."

காதுக்குள் இளஞ்சிவப்புப் பசையை ஊற்றி அச்செடுத்தாள். அது காய்கிறவரை உலகமே அணைந்துபோன மாதிரி இருந்தது. "முடி கலர்ல தரட்டுமா, தோல் கலர்லயா? ரெண்டுமே அவ்வளவா வெளிய தெரியாது" என்றாள். எது இப்போது கையில் இருக்கிறதோ அதைக் கொடுக்கச் சொன்னேன். சாம்பல் நிறம்தான் இருந்தது.

காது கேட்கத் தொடங்கினால் இன்பமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. அச்சு வந்து மாட்டிக்கொண்ட வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டில் முசிறி பஸ் ஏறினேன். ஹாரன் மண்டைக்குள் குத்தியது. பின் சீட்டில் யாரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வழியெல்லாம் கடகடவென்று ஆடியது. ரெண்டு பக்கமும் வாழைத் தோப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு, கழற்றிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவரிடம் பள்ளி வேலை என்று சொல்லியிருந்தேன்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். "வாங்க சம்பந்தி, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா" என்றவர் என் காதைப் பார்த்தார். நான் முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தேன். மாப்பிள்ளை கூடத்தில் இருந்தார். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு நான் வருவது தெரியாது.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையோ வருஷமாகக் காது மந்தம் என்பதை, சொல்லாமல் மறைத்ததை, பூ வைத்தபோது கத்தியது போன் இல்லை என்பதை, கழற்றிப் பர்ஸில் போட்டதை. "நீங்க கேட்டது எனக்குக் கேட்கலைங்க. படிப்பு போகும்னு சொன்னதா நெனைச்சு சந்தோஷம்னு சொன்னேன். நான் சம்மதிக்கல. கேட்டிருந்தா சம்மதிச்சிருக்க மாட்டேன். அவளப் படிக்க அனுப்புங்க."

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தார்.

"அப்போ அன்னைக்கு நீங்க சிரிச்சது?"

"கேட்காமத்தாங்க."

"நான் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே" என்றார். "எங்க சொந்தக்காரங்க அத்தன பேர்கிட்டயும் சொன்னேன், சம்பந்தி எவ்வளவு பெரிய மனசுன்னு."

அவர் குரலில் நிஜமாகவே வலி இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றப்பட்டவர் அவரும்தான். ஆனால் அந்த இளக்கம் எனக்குள் நிலைப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

"இது பரம்பரையா வர்றதா?"

"தெரியலைங்க. எங்க அப்பாவுக்கு வயசான காலத்துல கேட்காது. எனக்குச் சீக்கிரமாவே வந்துடுச்சு. வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றாரு."

"அப்போ படிப்பப் பத்தி இப்ப என்னங்க பேசறது. முதல்ல இவ காத ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

புது மெஷினில் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"அம்மா, விடுங்க" என்றார் மாப்பிள்ளை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம் அத்தை. எனக்கு அது ஒரு விஷயமே இல்ல" என்றார். அந்த வாக்கியம் என்னை அன்று அடித்த மாதிரி வேறு எதுவும் அடிக்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து யாரிடமிருந்து ஒளித்தோமோ அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

காபி கொடுத்தார்கள். குடித்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மகள் கூட வந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்த பிறகு சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா."

"உனக்காகத்தான் வந்தேன்."

"அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு. நான் உன் மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம் கொஞ்சமாப் பேசிக்கிட்டு இருந்தேன். தீபாவளிக்கு அப்புறம் அவரே அவங்க அம்மாகிட்ட எடுத்துச் சொல்றதா இருந்தாரு. இப்ப படிப்பு போயிடுச்சு, காதுதான் பேச்சு. உனக்குப் பொறந்ததுக்கு நான் டெஸ்ட் குடுக்கணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சும்மா இருந்திருக்க முடியாது என்பதும் நியாயம்தான். பஸ் வந்துவிட்டது.

அவளைத் தில்லைநகருக்கு அதே கிளினிக்குக்குத்தான் அழைத்துப் போனார்கள். சம்பந்தியம்மா கூடப் போனார். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. காது நன்றாக இருக்கிறது என்று வந்தது. மாமியார் மருமகளிடம் 'நல்லவேளை' என்றாராம். என் மகள் அதைச் செய்தியில் எழுதி அனுப்பினாள், வேறொன்றும் எழுதாமல்.

அவள் திரும்பப் படிக்கப் போனாள். அதற்கு மாப்பிள்ளைதான் காரணம், நான் இல்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திருச்சிக்கு வந்து திருவெறும்பூரில் வீடு பார்த்தார். அவள் விட்டுப்போன மாதங்களில் அவளுடைய வழிகாட்டி அந்தத் தண்ணீர் வேலையை வேறு ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டார். இவள் புதிதாக ஒன்றை ஆரம்பித்திருக்கிறாள். பழையது மாதிரி இதில் ஆர்வம் வரவில்லை என்றாள் ஒருமுறை. மகனைத் தன்னிடமிருந்து நான்தான் பிரித்தேன் என்று சம்பந்தியம்மா உறவுக்காரர்களிடம் சொல்கிறார். அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவரைப் பார்க்க என் கணவர்தான் மண்ணச்சநல்லூர் போய்வருகிறார். நானாக முசிறிக்குப் போனதை என் கணவர் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கேயாவது விசேஷத்துக்குப் போனால் என் இடது பக்கமோ வலது பக்கமோ உட்காராமல், ஆண்கள் இருக்கிற வரிசைக்குப் போய்விடுகிறார்.

பள்ளியில் இப்போது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் ரெண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். கடைசி வரிசையின் விடை முழுசாக இல்லாவிட்டாலும் கேட்கிறது. தப்பாகச் சொல்கிறவளை நிறுத்தி மறுபடி போடச் சொல்கிறேன். இத்தனை வருஷம் எத்தனை தப்பான விடைக்கு 'சரி, உட்காரு' என்று சொல்லியிருப்பேனோ தெரியாது. கூட வேலை செய்யும் டீச்சர்கள் தங்கள் அப்பாவுக்கோ மாமியாருக்கோ எந்த மெஷின் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். உள்ளே போடுவதா, வெளியே போடுவதா, ஒரு காதா, ரெண்டு காதா. அது அவரவர் காதைப் பொறுத்தது, டெஸ்ட் செய்கிறவர் சொல்வார் என்கிறேன். கேட்காதவரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றும் சொல்கிறேன். அதை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

போன வாரம் மகள் வந்திருந்தாள். குழந்தை உண்டாகி மூன்று மாதம் ஆகிறது என்று சொன்னாள். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது, உடனே அக்காவுக்குப் போன் செய்யப் போய்விட்டார். நான் அவளுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேம்மா" என்றாள். "பொறந்த உடனே காதுக்கு ஒரு டெஸ்ட் இருக்காம். குழந்த தூங்கறப்பவே பார்த்துடுவாங்களாம். வலிக்காதாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. அவளாகவே கேட்டு வைத்திருக்கிறாள்.

"பார்த்துடறது நல்லதுதான்" என்றேன். அடுப்பைப் பற்றவைத்துப் புளியை ஊறப்போட்டேன்.